தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரு மனு

மட்டிக்குறிச்சியில் புத்திசாலியே பிறந்ததில்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். பொய். ஒருத்தர் இருந்தார். வீட்டைச் சடையாண்டியிடம் விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

மண் சுவர், ஓட்டுக் கூரை. கூடவே ஒரு தூங்குமூஞ்சி மரம். மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. கூரை மேல் அப்படியே சாய்ந்து நின்றது. அந்த மனுசன் ஏன் அவ்வளவு அவசரமாக விற்றார் என்று சடையாண்டி யோசிக்கவில்லை. யோசிப்பது அவன் வழக்கம் இல்லை.

ஆவணிக் காற்றில் ஆள் பருமனுக்கு ஒரு கிளை முறிந்தது. சடையாண்டியின் மனைவி வேலுத்தாய் மிளகாய் அரைத்துவிட்டு அப்போதுதான் எழுந்து போயிருந்தாள். அம்மி இரண்டாகப் பிளந்தது. வேலுத்தாய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய்த் துணியை எடுத்துப் பையில் வைத்தாள்.

"என் தலைக்கு மேல அந்த மரம் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல கால் வைக்க மாட்டேன்."

"அப்ப எப்ப வருவ?"

"இப்பத்தானய்யா சொன்னேன்."

அடுத்த தெருவில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சடையாண்டிக்குச் சமைக்கத் தெரிந்தது வெந்நீர் ஒன்றுதான். அதுவும் மூன்றாம் நாள் அடிப்பிடித்தது. பெண்டாட்டி திரும்பி வர வேண்டும், அதற்கு மரம் போக வேண்டும். இவ்வளவு தெளிவாக அவன் எதையும் அதுவரை புரிந்துகொண்டதில்லை. அங்கேயே நின்றிருக்கலாம். சிநேகிதர்களைக் கூப்பிட்டான்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒச்சப்பன் எட்டாவது படித்தவன். எட்டாவதிலேயே மூன்று வருசம் இருந்ததால் பத்தாவது படித்ததற்குச் சமம் என்று ஊர் ஒத்துக்கொண்டிருந்தது. பெத்தணன் தச்சன். அவன் செய்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"ரம்பம் கொண்டாரவா?" என்றான் பெத்தணன்.

"கூறுகெட்டவனே, டவுனுக்குள்ள மரம் வெட்டணும்னா நகராட்சியில அனுமதி வாங்கணும்" என்றான் ஒச்சப்பன்.

அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான விஷயம் அதுதான். வினை அதில்தான் ஆரம்பித்தது.

நகராட்சியில் மர மனுக்களை வாங்குகிற எழுத்தர் நாகஜோதி. மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"மரம் வீட்டுக்கு ஆபத்தா இருக்குன்னு மனு எழுதுங்க. மரத்தைப் போட்டோ எடுத்து ஒட்டுங்க. முன்பக்கமா எடுங்க. தெளிவா இருக்கணும்."

மூன்று பேரும் மரத்தடிக்கு வந்து நின்றார்கள்.

"மரத்துக்கு முன்பக்கம் எதுய்யா?" என்றான் சடையாண்டி.

"கிழக்குதான். சாமியெல்லாம் கிழக்கப் பாத்துத்தான் இருக்கு" என்றான் பெத்தணன்.

"மரம் சாமியாடா? நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. மனுசன் எந்தப் பக்கம் குனிவான்?" என்றான் ஒச்சப்பன்.

"முன்பக்கம்."

"மரம் எந்தப் பக்கம் குனிஞ்சிருக்கு?"

"வீட்டுப் பக்கம்."

"அப்ப மூஞ்சி வீட்டுப் பக்கம். இத்தனை நாளா நாம அதோட முதுகைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்."

சடையாண்டிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மரியாதை தெரியாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தான்.

ஆக, போட்டோவை வீட்டுக்குள் இருந்துதான் எடுக்க வேண்டும். கூரை மறைத்தது. பெத்தணன் ஏறி நாலு ஓட்டைப் பிரித்தான். ஒரு கிளைதான் தெரிந்தது. இன்னும் பிரித்தான். சாயங்காலத்துக்குள் மரம் முழுசாகத் தெரிந்தது. வீட்டுக்குள் நின்றால் வானமும் தெரிந்தது. ஒச்சப்பன் தரையில் மல்லாந்து படுத்துச் செல்போனில் எடுத்தான். படம் அருமையாக வந்திருந்தது.

"ஓடு?" என்றான் சடையாண்டி.

"மறுபடி போட்டோ கேட்டா என்ன பண்ணுவ? கெடக்கட்டும்."

நாகஜோதி மனுவை வாங்கிக்கொண்டு சீல் குத்திய நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்தார். "இதை மரத்துல ஒட்டுங்க. பதினஞ்சு நாள் இருக்கணும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இதுலயே எழுதலாம். அதுக்கப்புறம் நான் நேர்ல வந்து பாப்பேன். அதுவரைக்கும் மரம் இப்ப எப்படி நிக்குதோ அப்படியே நிக்கணும்."

நோட்டீசை ஒட்டிவிட்டு ஒச்சப்பன் உரக்கப் படித்தான். "நகராட்சியின் அனுமதி இன்றி இம்மரத்திலிருந்து எதையும் அகற்றக் கூடாது."

படித்து முடிக்கும்போதே அவன் தோளில் ஒரு இலை விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"நாம அகற்றலையே. அதுவா விழுந்துச்சு" என்றான் பெத்தணன்.

"மரத்துக்குப் படிக்கத் தெரியாது. உனக்கும் எனக்கும் தெரியும்ல?"

அன்று முழுக்க விழுந்த இலையை நூல் போட்டுக் கிளையிலேயே கட்டினார்கள். தூங்குமூஞ்சி இலை எவ்வளவு பொடிசு என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். மறுநாள் புத்தி வந்து, எல்லாவற்றையும் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டி மரத்திலேயே தொங்கவிட்டார்கள். ஆறு சாக்கு ஆனது. எதிர்வீட்டு ஆடு ஒன்று கீழே கிடந்த காய்களைத் தின்றுவிட்டது. காய் ஆட்டுக்குள் இருந்ததால் ஆட்டையும் மரத்தில் கட்டினார்கள். ஆட்டுக்காரி திட்டியதை இங்கே எழுத முடியாது.

சாக்குக் கனத்தில் மரம் இன்னும் ஒரு முழம் சாய்ந்தது.

"அப்படியே நிக்கணும்னு மேடம் சொன்னாங்க" என்றான் சடையாண்டி. மனு தள்ளுபடியானால் வேலுத்தாய் வர மாட்டாள்.

முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குக் கட்டை வேண்டும். பெத்தணன் சுற்றிலும் பார்த்தான். கூரை இல்லாத வீட்டில் உத்தரம் சும்மாதானே கிடக்கிறது? அதை எடுத்தான். பிறகு கைமரம், தூண், நிலைக்கதவு. பத்தாவது நாள் மரம் நிமிர்ந்தது. பெத்தணன் செய்ததில் ஆடாமல் நின்றது அது ஒன்றுதான்.

பன்னிரண்டாவது நாள் மழை கொட்டியது. மேலே கூரையும் இல்லை, உள்ளே தூணும் இல்லை. மண் சுவர் நாலும் கரைந்து உட்கார்ந்தன. சடையாண்டி நோட்டீசுக்குக் குடை பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டீஸ் நனையவில்லை. அந்த மட்டுக்கும் அவனுக்கு நிம்மதி.

பதினாறாவது நாள் நாகஜோதி வந்தார். மனுவைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார்.

"வீடு எங்க?"

"இந்தா இருக்கு மேடம்" என்று சடையாண்டி முட்டுக்கட்டைகளைக் காட்டினான். "இது உத்தரம். இது வாசக்கதவு. மத்தது மழையில போச்சு."

"வீட்டுக்கு ஆபத்துன்னு எழுதியிருக்கீங்க. வீடே இல்லையேய்யா. மரம் வேற நட்ட கம்பு மாதிரி நிக்குது."

"அனுமதி?"

"முதல்ல ஒரு வீடு கட்டுங்க. ஆபத்து வரட்டும். அப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டு நாகஜோதி வண்டியை எடுத்தார். போகிற போக்கில், "நோட்டீசை யாரும் கிழிக்காதீங்க, மனு இன்னும் நிலுவையிலதான் இருக்கு" என்றார்.

அன்று நடந்த ஆலோசனை பெரிசு.

"பழைய இடத்துலயே கட்டினா மரம் மறுபடி மேல விழும்" என்றான் பெத்தணன்.

"மரம் விழ முடியாத இடமாப் பாத்துக் கட்டணும்" என்றான் ஒச்சப்பன். கண்ணை மூடினான். திறந்தான். "மரம் தன் மேலயே விழுமா?"

"விழாது."

"அப்ப அங்க கட்டு."

சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மரத்து மேல் வீடு இருந்தால் வேலுத்தாய் தலைக்கு மேல் வானம்தான் இருக்கும். மரம் காலுக்குக் கீழே போய்விடும். அவள் கேட்டதும் அதுதானே?

உச்சிக் கிளைகளை இழுத்துக் கட்டி அதன் மேல் பெத்தணன் பரண் போட்டான். மூங்கிலும் தகரமும் கிடைத்த இடத்தில் வாங்கி வந்தார்கள். நாலு நாளில் வீடு முடிந்தது. சடையாண்டி பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு ஏறினான். மறுநாள் சாயங்காலம் வேலுத்தாய்க்குச் சொல்லி அனுப்பினான். "உன் தலைக்கு மேல மரம் இல்லை. வா."

வேலுத்தாய் பையோடு வந்தாள். வீடு இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"இறங்கி வாய்யா."

"இறங்க முடியாது தாயி."

"ஏணி இல்லையா?"

"ஏணி இருக்கு. அனுமதி இல்லை."

ஒச்சப்பன் நோட்டீசை அவளுக்குப் படித்துக் காட்டினான். "எதையும்னா எதையும்தான் அக்கா. ஆட்டையே இன்னும் அவுக்கலை. இப்ப இவன் மரத்துல இருக்கான். நாங்களா இறக்கினா நாளைக்குக் கேள்வி வரும்."

"அதுக்குன்னு காலம் பூரா அங்கேயே இருப்பாரா?"

"அப்படி விட்டுருவமா அக்கா? காலையிலயே மனுக் கொடுத்தாச்சு. மேற்படி மரத்திலிருந்து சடையாண்டியை அகற்ற அனுமதி கோரி."

"முன்பக்கப் போட்டோவும் ஒட்டியாச்சு. கூரையைப் பிரிச்சுத்தான் எடுத்தோம்" என்றான் பெத்தணன்.

நாகஜோதி அந்த மனுவை முழுசாகப் படிக்கவில்லை. யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? சீல் குத்தி நோட்டீசைக் கொடுத்துவிட்டார். ஒச்சப்பன் அதையும் பழைய நோட்டீசுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தான். வேலுத்தாய் குனிந்து அதைப் படித்தாள். பதினைந்து நாள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் எழுதலாம்.

அவள் ஒச்சப்பனிடம் கையை நீட்டினாள்.

"பேனா இருக்கா?"

மேலே கூரையில்லாத வீட்டிலிருந்து சடையாண்டி எட்டிப் பார்த்தான்.

"ஒச்சு, அடித்தல் திருத்தல் இல்லாம எழுதச் சொல்லு. பாவம், தள்ளுபடி பண்ணிரப் போறாங்க."