சோற்று மகாராஜாவின் பவனி

முன்னொரு காலத்தில், நெல்லுக்குப் பஞ்சமே தெரியாத பொன்னெல்லூர் நாட்டைக் கொற்றவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிடச் சாப்பிட்டான் என்றால் இன்னும் பொருத்தம். இலையில் குழம்புக்கு ஒரு மலை சோறு, ரசத்துக்கு ஒரு மலை, மோருக்கு ஒரு மலை. அதற்குமேல் சர்க்கரைப் பொங்கலும் அதிரசமும். கீரை, அவரைக்காய், சுண்டல் என்று எதை வைத்தாலும், "ஆட்டுக்குப் போடும் தீனியை எனக்கு ஏன் வைக்கிறீர்கள்?" என்று ஒதுக்கிவிடுவான்.

ஒருநாள் ராஜாவின் காலில் கல் குத்திப் புண்ணானது. மாதக்கணக்காகியும் ஆறவில்லை; கைத்தடி இல்லாமல் நடக்க முடியாமல் போயிற்று. அரண்மனை வைத்தியர் ஆதிமூலம் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். "மகாராஜா, இது நீரிழிவு. சோற்றையும் இனிப்பையும் குறையுங்கள். காய், கீரை, பயறு, மீன் இவற்றைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும்."

ராஜாவுக்கு வந்ததே கோபம்! "நெல் விளையும் நாட்டு ராஜாவைச் சோறு தின்னாதே என்கிறாயா? இவனை எல்லைக்கு அப்பால் துரத்துங்கள்! இனி என் சோற்றைக் குறைப்பவன் எவனானாலும் அவன் தலை கழுத்தில் நிற்காது. இது என் ஆணை!"

சபையில் முதலில் கைதட்டியவர் நெற்களஞ்சியத் தலைவர் தாண்டவராயர். மந்திரி மருதப்பரின் ஆசனத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

சில நாள் கழித்து ஒரு மாலை ராணி செங்கமலம் மந்திரியை அழைத்தாள். "மந்திரியாரே, வைத்தியர் விட்டுப்போன களிம்பை நானே தினமும் தடவுகிறேன். குணம் தெரியவில்லை. புண்ணைச் சுற்றிக் கறுக்க ஆரம்பித்துவிட்டது."

"தாயே, நான் வாயைத் திறந்தால் என் தலை போகும்."

"திறக்காவிட்டால் அவர் கால் போகும். காலோடு நின்றாலும் பரவாயில்லையே, உயிரும் போய்விடுமே!" என்று அழுதாள் ராணி.

மருதப்பர் இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தார். வீட்டில் மனைவி பரிமாறிய சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டார். மறுநாள் காலை, போகிற வழியில் கொலைக்களத்தைப் பார்க்கக்கூடப் பயந்து வேறு தெருவில் சுற்றிக்கொண்டு சபைக்குப் போனார்.

அன்று மதியம் ராஜா இலைமுன் உட்கார்ந்ததும், மந்திரி பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டார்.

"என்ன மருதப்பரே?"

"சொல்லவே பயமாக இருக்கிறது, மகாராஜா. இங்கே சோற்றுக்கு அவமரியாதை நடக்கிறது."

"என் அரண்மனையிலா? யார் செய்தது?"

"சபைக்கு முதலில் கட்டியக்காரன் வருகிறான். பிறகு வீரர்கள், சிற்றரசர்கள், மந்திரிகள். எல்லோருக்கும் கடைசியில்தானே தாங்கள் வருகிறீர்கள்? இலைக்கு ராஜா சோறு. பரிவாரம் வந்து சேருமுன்னே அந்த ராஜாவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்களே!"

ராஜா தொடையில் தட்டினான். "அட, உண்மைதான்! இனி கீரையும் காயும் முன்னால் வரட்டும்."

"வந்தால் போதுமா, மகாராஜா? ஒவ்வொருவரின் வணக்கத்தையும் தாங்கள் ஏற்பதில்லையா?"

"ஏற்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்த பிறகே சோறு வரும். மேளதாளத்தோடு வரும்!"

முதலில் கீரை மசியல் வந்தது. பின்னாலேயே வாழைத்தண்டுக் கூட்டு, கொள்ளுச் சுண்டல், அவித்த முட்டை, ஆற்றுமீன் குழம்பு. முகத்தைச் சுளித்தாலும் ராஜமரியாதை ஆயிற்றே, ஒன்று விடாமல் மென்று விழுங்கினான். வெண்குடை பிடித்து, மேளம் முழங்கச் சோற்று மகாராஜா வந்தபோது ராஜாவுக்குப் பெரிய ஏப்பம் வந்தது. இரண்டு கவளம் உண்டான். "போதும். மகாராஜாவை மரியாதையோடு திருப்பி அனுப்புங்கள்" என்றான். அதிரசத்துக்கு வயிற்றில் இடமேயில்லை.

இப்படியே மாதங்கள் ஓடின. ஒவ்வொரு வேளையும் மேளச் சத்தம் கேட்டதும் மருதப்பருக்கு வியர்த்துக் கொட்டும். இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவாரோ? மந்திரி நாளுக்கு நாள் இளைத்தார்.

தாண்டவராயர் சும்மா இருப்பாரா? சோற்று அண்டா நிறைந்தபடியே திரும்புவதைப் பார்த்துவிட்டார். நேரே சபைக்கு ஓடினார். "மகாராஜா! மந்திரி தந்திரம் செய்து தங்கள் சோற்றைக் குறைத்துவிட்டார். ஆணைப்படி தலையை எடுக்க வேண்டும்!"

ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்து மந்திரியின் எதிரே போய் நின்றான். "உண்மையா, மருதப்பரே?"

வாள்வீரர்கள் நெருங்கினார்கள். மந்திரி கைகூப்பினார். "மகாராஜா, வடிக்கும் சோற்றில் ஒரு பருக்கை குறையவில்லை. களஞ்சியத்திலிருந்து அரிசி அளந்து தரும் ராயரே சாட்சி. அத்தனையும் தங்கள் இலைவரை வருகிறது. அங்கிருந்து திருப்பி அனுப்புவது..."

ராஜா மெதுவாகத் திரும்பினான். "ராயரே, குறைத்தது நான்தான். இப்போது யார் தலையைக் கேட்கிறீர்?"

"ஐயையோ!" என்று தாண்டவராயர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சிலர் சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. கைத்தடி சிம்மாசனத்தருகிலேயே கிடந்தது. அது இல்லாமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான்! குனிந்து பார்த்தான். புண்ணில் காய்ந்த பொருக்குத்தான் இருந்தது.

"இதை நேராகவே என்னிடம் சொல்லியிருக்கலாமே, மருதப்பரே?"

"நேராகச் சொன்னவர் எல்லைக்கு அப்பால் இருக்கிறார், மகாராஜா."

ராஜாவுக்கு முகம் கறுத்தது. அந்த இடத்திலேயே ஆணையை ரத்துசெய்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். மருதப்பரோ மாலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பல்லக்கு வந்தது. ராஜா ஏறவில்லை. எல்லைவரை நடந்தே போனான். துரத்தியபோது பிடுங்கி வைத்திருந்த வைத்தியரின் மருந்துப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு தாண்டவராயர் பின்னால் போனார்.

குடிசையிலிருந்து வெளியே வந்த ஆதிமூலம், எதிரே ராஜாவைக் கண்டு வெலவெலத்துப் போனார். "வைத்தியரே, நீங்கள் காப்பாற்றிய கால். இதை வைத்துக்கொண்டு உங்களிடம்தான் முதலில் நடந்து வரத் தோன்றியது. என்னை மன்னித்துவிடுங்கள்" என்றான் கொற்றவர்மன்.

வைத்தியர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. குனிந்து அந்தக் காலைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறிவிட்டது, மகாராஜா, ஆறிவிட்டது" என்றார். அழுதுகொண்டே சொன்னார்.