நஞ்சப்பனின் நானூறு வாட்

கோவை அனிமேஷன் கம்பெனி ஒன்றில் நானூறு வாட் கரண்ட் இழுத்து, படங்களை வேகமாகச் செய்து தரும் புது கிராபிக்ஸ் கார்டு வந்தது. முதலாளி நஞ்சப்பன் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, வருகிறவர்கள் வாய்பிளக்க நாள் முழுக்க கார் ரேஸ் ஓட்டினார். படம் செய்யும் ஆறு பேரில் ஒருத்தியான கோகிலவாணிக்கோ நூறு வாட் பழைய கார்டு.

“கரண்ட் பாதியாகணும், வேலையும் சீக்கிரம் முடியணும். அதுவரைக்கும் உங்களுக்கு ஃபேன் கிடையாது!” என்று கரண்ட் பில்லைப் பார்த்ததும் ஆறு பேரிடமும் கத்தினார்.

கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆகட்டுங்க சார்.”

பத்தே நாளில் கரண்ட் பாதியானது, அன்றன்றைய வேலையும் மதியத்துக்குள் முடிந்தது. நஞ்சப்பன் விருந்தாளிகளிடம் மார்தட்டினார்: “என் கார்டு வேகத்தைப் பாருங்க!”

கோகிலவாணி சொன்னாள்: “உங்க மெஷின்ல இருக்கறது என்னோட நூறு வாட் பழைய கார்டுங்க சார். உங்க கார்டு பத்து நாளா என் மெஷின்ல வேலை பார்க்குது. வித்தியாசமே தெரியாத உங்களுக்காக ஆறு பேர் வேர்த்து ஊத்தினோம். இப்ப ஃபேனைப் போடுறேன்.”