எதிர்ப்பாய்

“பதினாறு தடவை அனுப்பிட்டேன் சாமி. ஒரு பதில் இல்லை.”

தணிகாசலம் தென்னைநார்க் கொட்டகை நடத்துபவர். மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்தும் கயிற்று வலை பின்னுவது அங்கே தொழில். ஒன்பது பெண்கள் கயிறு திரித்தார்கள். எபனேசர் என்ற ஒப்பந்ததாரரை ஒரு கண்காட்சியில் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தார். அவர் வலைக்கு ஆர்டர் தராவிட்டால் இந்த மாதத்தோடு கொட்டகையை மூட வேண்டியதுதான்.

அவர் தேடி வந்த மலையடிவார மடத்துத் துறவியம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“என்ன அனுப்பினீங்க அண்ணா? படிங்க.”

அவர் கைப்பேசியை எடுத்தார்.

“ஐயா, என் செய்தியைப் பார்த்தீர்களா? ஐயா, நினைவூட்டுகிறேன். ஐயா, பதிலை எதிர்பார்க்கிறேன். அப்புறம் ஒரு கும்பிடு பொம்மை.”

“நாலுதானே ஆச்சு?”

“மீதி பன்னிரண்டும் காலை வணக்கம். ரோஜாப்பூ படம்.”

அம்மாள் சிரித்துவிட்டார். “அவர் பார்க்கிறாரா?”

“பார்த்ததுக்கு நீல டிக் விழுதே!”

“நேரில் பார்த்தப்ப அவர் என்ன சொன்னார்?”

தணிகாசலம் யோசித்தார். “ஒரு மணி நேரம் நான்தான் பேசினேன்.”

அம்மாள் எழுந்து, அவருக்கு எதிரே இன்னொரு பாயை விரித்தார்.

“அங்கே போய் உட்காருங்க. இப்ப நீங்கதான் எபனேசர்.”

“எதிரில் யாருமில்லையே சாமி?”

“இவ்வளவு நேரம் நீங்க இருந்தீங்களே.”

அவர் மாறி உட்கார்ந்தார். தான் விட்டு வந்த காலிப்பாயைப் பார்த்தார்.

வெகுநேரம் எதுவும் தெரியவில்லை.

பிறகு ஒரு மனிதன் தெரிந்தான். கையில் விலைப்பட்டியல். வாய் ஓயவே இல்லை. இங்கிருந்து யாரோ மெல்ல ஏதோ சொன்னார்கள். அவன் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

தணிகாசலம் அம்மாளிடம் திரும்பினார்.

“சொன்னார் சாமி. அவங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால மழைக்கு மண்ணு சரியுதாம். புல்லு வச்சாலும் நிக்கலையாம். புள்ளைங்க நடக்கிற வழியாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சதுர மீட்டர் என்ன விலைன்னு சொன்னேன்.”



தணிகாசலம் அந்தப் பாயிலேயே உட்கார்ந்து கைப்பேசியில் எழுதினார்.

‘ஐயா, பள்ளிக்கூடத்துச் சரிவில் குறுக்கே வரிசை வரிசையாக வெட்டிவேர் நடுங்கள். செடிக்குச் செடி அரைச் சாண் இடைவெளி போதும். மழைக்கு முன் வேர் பிடித்துவிட்டால் மண் நகராது. நாற்று கிடைக்கும் இடம் தெரியும். கேட்டுச் சொல்கிறேன்.’

அம்மாள் வாங்கிப் படித்தார். “வலையைப் பத்தி ஒண்ணும் எழுதலையே?”

“அந்த இடத்துக்கு வலை வேண்டாம் சாமி. வெட்டிவேரே தாங்கும்.”

“அனுப்பிட்டுக் கஞ்சி குடிங்க.”

கஞ்சி ஆறுவதற்குள் கைப்பேசி அடித்தது. எபனேசர்.

“தணிகாசலம்... அன்னைக்கு நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”

“இல்லைங்க ஐயா,” என்றார் தணிகாசலம். “இன்னைக்குத்தான் கேட்டேன்.”