லாடம் அடித்த பூட்ஸ்

விருதங்குடி ஜமீன் பல்லக்கில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்தாலும் தளும்பாது என்று பெயர். வெள்ளைக்காரத் துரையின் சிப்பாய்களைப் பார்த்துவிட்டு வந்த ஜமீன்தார், தன் பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேருக்கும் லாடம் அடித்த பூட்ஸ் மாட்டிவிட்டார். அன்றோடு அந்தப் பெயர் போயிற்று. கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் இடுப்பு கழன்றுவிட்டது.

"வேணும்னே குலுக்குறானுங்க. ஆளுக்கு இருபது சவுக்கடி!"

முன்தண்டு தூக்கும் மாடக்கண்ணு கும்பிட்டான். "எசமான், வெறுங்கால்னா பாதம் தரையைத் தடவிப் பார்த்துத்தான் ஊனும். முட்டி மடங்கி பாரத்தை வாங்கிக்கும். பூட்ஸுக்குள்ள பாதம் வளைய மாட்டேங்குது. குதிகால் மடார்னு விழுது. அந்த அடிதான் தண்டு வழியா உங்களுக்கு வருது."

"நடக்கிறது காலா, பூட்ஸா? கட்டுங்கடா தூண்ல!"

சவுக்குக்காரன் வந்து நின்றான். மாடக்கண்ணு தானே போய்த் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அடி வாங்கிக்கிறோம் சாமி. ஒரு உத்தரவு மட்டும் வேணும். வளைகாப்பு முடிஞ்ச உங்க மகளை, நம்ம நாச்சியாரை, நாளைக்குப் பிரசவத்துக்கு அழைச்சுட்டு வரணும். பூட்ஸ் போட்டுக்கிட்டுத் தூக்கட்டுமா, கழட்டிட்டுத் தூக்கட்டுமா?"

"கழட்டிட்டுத்தான்டா! பிள்ளைத்தாச்சிடா அவ!" என்று பதறினார் ஜமீன்தார்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ஓங்கிய சவுக்கு தானாகத் தாழ்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. மாடக்கண்ணு தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். குதிகால் தோலும் அதோடு சேர்ந்து வந்தது.