டிஸ்க்கில் இருந்த குலவை

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேடாதீர்கள். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்திரண்டு வயது, பெயர் ரெஜினா. சீடர் சுடலைக்கண்ணுவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. தோளில் கேமராவோடு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்து முழங்கால் தேய்ந்த மனிதர். இனிமேல் நின்று வேலை பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வள்ளியூரில் அவர் வேலை பார்த்த ஸ்டுடியோவின் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். எடுத்த படங்களையெல்லாம் டிஸ்க்குகளில் பத்திரப்படுத்துவது அங்கே ரெஜினாவின் வேலை.

"டீச்சர்" என்று முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார். கொஞ்ச நாளில் கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

அந்த ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. லேசில் புது டிஸ்க் வாங்க மாட்டார்கள். படம் கொடுத்து முடித்த கல்யாணத்தின் டிஸ்க்கையே எடுத்து, கறுப்புத் திரையில் எம்கேஎஃப்எஸ் என்ற கட்டளையை அடித்து, அதில் புதிதாக ஒரு ஃபைல் சிஸ்டம் போட்டு, காலி டிஸ்க்காக்கி அடுத்த கல்யாணத்துக்கு வைத்துக்கொள்வார்கள். கட்டளை அடித்ததும் கம்ப்யூட்டர் கேட்கும்: இதில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறதே, தொடரட்டுமா? பழைய டிஸ்க்கில் ஏதாவது இருக்கத்தானே செய்யும்? அது தினமும் கேட்கும். இவர்கள் தினமும் 'ஒய்' அழுத்துவார்கள்.

ரெஜினா இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"டிஸ்க் மேல ஒட்டியிருக்க நம்பரையும் திரையில வர்ற நம்பரையும் சேர்த்துப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. எஸ்டிபி, எஸ்டிசிங்கிறதெல்லாம் கம்ப்யூட்டர் அன்னன்னைக்கு வைக்கிற பேரு. அத நம்பாதீங்க."

சுடலைக்கண்ணு தலையை ஆட்டினார். மனசு ஆடவில்லை. மணவறைக்கு இடது பக்கம் நிற்பவன் ஒன்றாம் கேமரா, வலது பக்கம் நிற்பவன் இரண்டாம் கேமரா. காலமெல்லாம் அப்படித்தான் பார்த்துப் பழகியிருந்தார். நிற்கிற இடம்தான் பெயர். கம்ப்யூட்டரின் மேல் துளையில் செருகினால் எஸ்டிபி, கீழ்த் துளையில் செருகினால் எஸ்டிசி. இதில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்பர் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

அந்த வியாழக்கிழமை மேலே செருகியிருந்தது ஒரு பழைய டிஸ்க். கீழே இருந்தது மரகதவல்லி வீட்டுக் கல்யாணம், சுடலைக்கண்ணு கேமரா தூக்கிய கடைசிக் கல்யாணம்.

மரகதவல்லி பணகுடிக்காரி. தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று சொல்லிவிட்டார்கள். மகள் கல்யாணத்தை முன்னுக்கு இழுத்து நடத்தி, தாலி ஏறும்போது மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குலவை போட்டுவிட்டு, மறுவாரம் ஆபரேஷனுக்குப் போனாள். உயிர் தங்கியது. குரல் போய்விட்டது. அந்தக் குலவை இனிமேல் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் உண்டு. கேமரா கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்தாயிற்று. இன்னொரு பிரதி எடுத்து வைக்கத்தான் சுடலைக்கண்ணு அந்தப் பழைய டிஸ்க்கைத் தயார் செய்ய உட்கார்ந்தார். பாவம், நல்ல காரியத்துக்குத்தான் உட்கார்ந்தார்.

நடுவில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தபோது கீழே இருந்த டிஸ்க் முந்திக்கொண்டு விழித்தது. எஸ்டிபி என்ற பெயர் அதற்குப் போய்விட்டது. சுடலைக்கண்ணு எஸ்டிபி என்று அடித்தார். ஏற்கெனவே ஏதோ இருக்கிறதே, தொடரட்டுமா என்று அது கேட்டது. ஒய் அழுத்தினார்.

பிறகு பிரதி எடுக்க மற்ற டிஸ்க்கைத் திறந்தார். யாரோ ஒரு நாங்குநேரி மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகச் சிரித்தான். அழித்தது மரகதவல்லி வீட்டுக் கல்யாணத்தை என்று சுடலைக்கண்ணுவுக்கு அப்போதுதான் புரிந்தது. எதையாவது அடித்துச் சரிபண்ணிவிடலாம் என்று கை பரபரத்தது.

"எதையும் தொடாதீங்க" என்றாள் ரெஜினா. கம்ப்யூட்டரை அணைத்தாள். டிஸ்க்கை உருவி மேசைமேல் வைத்தாள்.

"எல்லாம் எங்க போச்சு டீச்சர்?"

"எங்கயும் போகல."

"காலின்னு காட்டுச்சே."

ரெஜினா ஸ்டூலை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு மண்டபத்துல ஆயிரம் பேர் உக்காந்திருக்காங்க. யார் எங்க இருக்காங்கன்னு வாசல்ல நிக்கிற ஒருத்தருக்குத்தான் தெரியும். நீங்க அவரை அனுப்பிட்டு, புது ஆளை நிப்பாட்டிட்டீங்க. அவருக்கு உள்ள இருக்க ஒருத்தரையும் தெரியாது. மண்டபம் காலி, வாங்கன்னு கூப்பிடுதார்."

"உள்ள இருக்கவங்க?"

"இருட்டுல அப்படியே உக்காந்திருக்காங்க."

"எது வரைக்கும்?"

"புதுசா யாராவது வந்து அவங்க மடியில உக்கார்ற வரைக்கும்."

சுடலைக்கண்ணுவுக்கு மூச்சு வந்தது. "அப்ப தேடி எடுத்துரலாம்லா?"

"கொஞ்சம் எடுக்கலாம். பேர் இல்லாம வரும். சிலது வராமலும் போகும். முதல்ல அவங்க வீட்டுக்குப் போயி சொல்லிட்டு வாங்க."

"கிடைக்குதான்னு பாத்துட்டுச் சொல்லுவோமே. கிடைச்சிட்டா சொல்லவே வேண்டாம்லா."

ரெஜினா எழுந்து போய், கதவோரம் கிடந்த அவருடைய செருப்புகளைக் கையால் எடுத்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

அவருக்கு உடம்பு கூசிவிட்டது. மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொண்டு பணகுடிக்குப் பஸ் ஏறினார்.

மகள் அழுதாள், பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினாள். அதை அவர் வாங்கிக்கொண்டார். மரகதவல்லி திட்டவும் முடியாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. போகும்போது அவள்தான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பஸ்ஸில் திரும்பும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அதற்குள் ரெஜினா, டிஸ்க்கில் கிடந்ததையெல்லாம் பெயர் கேட்காமல் வாரிக்கொண்டு வரும் ஒரு மென்பொருளை ஓட்டி, கிடைத்தவற்றை வேறொரு டிஸ்க்கில் கொட்டி வைத்திருந்தாள். ஆயிரக்கணக்கான துண்டுகள். பெயர் கிடையாது, வெறும் எண்கள்.

"கேளுங்க" என்றாள்.

"பார்க்கச் சொல்லுதீங்களா?"

"படம் பாதிக்குமேல உடைஞ்சிருக்கு. கேளுங்க."

கேமராக்காரருக்குக் கண்தான் தொழில். காதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். நாதஸ்வரம், பந்தியில் ரசம் கேட்கிற சத்தம், மைக்கில் காணாமல் போன குழந்தையின் பெயர். வெள்ளி போயிற்று, சனியும் போயிற்று. கடைசியில் ஒரு குலவை வந்தது.

"கிடைச்சிட்டு டீச்சர்."

"இன்னும் கேளுங்க."

இன்னொரு குலவை வந்தது. பிறகு மூன்றாவது. அந்த டிஸ்க்கில் இதற்கு முன்னால் எத்தனை கல்யாணம் இருந்ததோ, அந்த வீட்டு அம்மாக்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். அத்தனை பேரும் உள்ளே இருக்கும்போதே, காலி என்று இவர் ஒய் அழுத்தியிருந்தார். எது மரகதவல்லியின் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை. கல்யாணத்தன்று பத்தடி தூரத்தில் கேமராவோடு நின்றவர்தான். கேட்டிருக்கவில்லை.

"எனக்குத் தெரியலையே டீச்சர்" என்றார்.

"தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மகளோடு மரகதவல்லி வந்தாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. சுடலைக்கண்ணு ஹெட்போனை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். முதல் குலவைக்குத் தலையை அசைத்து மறுத்தாள். அடுத்ததற்கும் இல்லை. அதற்கடுத்ததற்கு லேசாகச் சிரித்தாள், ஆனால் அதுவும் இல்லை. சுடலைக்கண்ணு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனார். இருந்தவை தீர்ந்துகொண்டே வந்தன.

இன்னும் ஒன்றிரண்டுதான் பாக்கி இருந்தது. ஒன்றை வைத்தார். திரையில் வெறும் சாம்பல் கட்டங்கள், மூலையில் ஒரு பட்டுச் சேலையின் ஓரம். மரகதவல்லியின் கை தானாகக் கழுத்துத் துணிக்குப் போயிற்று. அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. சத்தம் முடிந்ததும் மறுபடி போடச் சொல்லி விரலைக் காட்டினாள். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி மகள் காதில் வைத்தாள்.

தாலி கட்டுகிற படம் கிடைக்கவே இல்லை. அதையும் ரெஜினா மறைக்காமல் சொன்னாள். குலவையைப் பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டு அவர்கள் போனார்கள்.

சுடலைக்கண்ணு ஹெட்போன் வயரைச் சுற்றி வைத்தார்.

"இனிமே இந்தக் கட்டளைப் பக்கம் வர மாட்டேன் டீச்சர். வாசல்ல உக்காந்து ரசீது போடுதேன்."

ரெஜினா நாங்குநேரி டிஸ்க்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கிடைச்சதுக்கு இன்னொரு பிரதி வேணும். இதுல புது ஃபைல் சிஸ்டம் போடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். டிஸ்க் மேல் இருந்த நம்பரை வாய்விட்டு வாசித்தார். திரையில் இருந்ததையும் வாசித்தார். நாங்குநேரிக்காரர்களுக்கே போன் போட்டு, படம் கைக்கு வந்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். அதன் பிறகு கட்டளையை அடித்தார். ஏற்கெனவே ஏதோ இருக்கிறதே, தொடரட்டுமா என்று அது கேட்டது. விரல் ஒய்க்கு மேலே நின்றது, இறங்கவில்லை.

"கை நடுங்குது டீச்சர். பக்கத்துல வந்து நில்லுங்க."

ரெஜினா டீ குடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நடுங்காத அன்னைக்குத்தான் அண்ணாச்சி நான் பக்கத்துல நின்னிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.