செருப்புக்கு அடியில் வெளிச்சம்

தங்கபுஷ்பம் செய்த எட்டுப் பக்கப் படக்கதையை அவர் செய்யவில்லை என்று அறுபத்தெட்டுப் பேர் முன்னிலையில் ஒருவர் சொன்னார்.

சொன்னவர் ஓவியர் தேவநாதன். இணையத்தில் படக்கதை வரைகிறவர்கள் சேர்ந்து நடத்தும் குழு ஒன்றுக்கு அவர்தான் நடுவர். குழு ஆண்டுக்கொரு தொகுப்புப் போடும். அதில் எது வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்கிறவரும் அவர்தான். தங்கபுஷ்பம் தன் 'அடுத்த ஆள்' கதையைக் குழுவில் போட்டு, "குறை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

தேவநாதன் எழுதினார்: "இதை வரைந்தது கம்ப்யூட்டர். அம்மாவுக்குப் பட்டன் அழுத்தத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, ஆட்கள் யாரும் தரையில் நிற்கவே இல்லை. தொங்குகிறார்கள்."

கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. "பையன் செஞ்சு குடுத்தானா ஆன்ட்டி?" என்று ஒருவர் கேட்டார். தங்கபுஷ்பத்துக்குப் பையன் கிடையாது. இருப்பது ஒரு மகள். அவளும் எக்செல் மக்கர் பண்ணினால் அம்மாவைத்தான் கூப்பிடுகிறாள்.

கடைசியாக அறிவிப்பு வந்தது. இது யார் செய்தது என்று சனிக்கிழமைக்குள் விளக்கம் தர வேண்டும்; தராவிட்டால் கதை தொகுப்பில் வராது.

பட்டன் அழுத்துவதாம். தங்கபுஷ்பம் ஓர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். எக்ஸ்ரே அறைக்கு வெளியே காத்திருக்கிறவர்கள்தான் அவர் கதை. அந்த பெஞ்சை, விளக்கை, ஆட்களைக் கணினிக்குள் ஒவ்வொன்றாக உருவாக்கி, நிறுத்தி, உள்ளேயே ஒரு கேமராவும் வைத்துப் படமாக்குகிறார். ரெக்சின் கிழிந்த அந்த பெஞ்சுக்கு மட்டும் பதினோரு நாள் ஆயிற்று. எட்டுப் பக்கத்துக்கு இரண்டு வருடம்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் அவர் நேராக ரிஸ்வானாவிடம் போனார்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, நான்கு கணினிகள் வைத்து வகுப்பு எடுக்கிறவர் ரிஸ்வானா. வயது இருபத்து நான்கு. பகலில் பல்கலைக்கழகத்தில் மாணவி. தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்தேழு. முதல் நாளே அவர் "டீச்சர்" என்று கூப்பிட, ரிஸ்வானா கூசிப்போய், "பேர் சொல்லியே கூப்பிடுங்கக்கா" என்றார்.

"சொல்லிக் குடுக்கிறவங்க டீச்சர்தான். வயசை நான் பாத்துக்கிறேன்" என்று முடித்துவிட்டார் தங்கபுஷ்பம்.

இன்று கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"டீச்சர், ஒரு பதில் எழுதிக் குடுங்க. அந்த ஆளு வாயத் திறக்கக் கூடாது. நீங்க காலேஜ்ல பேச்சுப் போட்டிக்கெல்லாம் போனவங்கதானே."

"தண்ணி குடிங்க."

"தண்ணி எதுக்கு? கொதிக்குது எனக்கு."

ரிஸ்வானா தேவநாதனின் பதிவைத் திரையில் திறந்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பின்பாதியை மறைத்துப் பிடித்தார்.

"இதுல எவ்வளவு உண்மை?"

"கம்ப்யூட்டர் வரைஞ்சுதாம்! ஒரு பொட்டு உண்மை கெடையாது."

தாளை மேலே நகர்த்தினார். இப்போது கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டும் தெரிந்தன.

"இதுல?"

"அதுவும் அவர் சொன்னதுதானே!"

"யார் சொன்னாங்கன்னு நான் கேக்கல."

தங்கபுஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்களும் அந்தக் கட்சிதானா?"

ரிஸ்வானா வாதாடவில்லை. மூன்றாம் பக்கத்துக் கோப்பைத் திறந்து, உள்ளே இருந்த கேமராவைக் கீழே இறக்கினார். இன்னும் கீழே. எறும்பு பார்க்கிற உயரத்துக்கு. பெஞ்சு மலைபோல் எழுந்தது. வரிசையில் நிற்கும் ஏழு பேரின் செருப்புகளும் தெரிந்தன. ஒவ்வொரு செருப்புக்கும் தரைக்கும் நடுவில், ஒரு நூல் அளவுக்கு வெளிச்சம் இருந்தது.

"இவ்வளவுதானே" என்றார் தங்கபுஷ்பம். குரல் இறங்கியிருந்தது. "ஆளுங்களை ஒரு நூல் கீழே இறக்கினா தீந்துச்சு."

"இறக்குங்க."

இறக்கினார். வெளிச்சம் மறைந்தது. கேமராவைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள்.

ஏழு பேரும் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எனக்கொரு சந்தேகம்க்கா" என்றார் ரிஸ்வானா. "முட்டி வலின்னு ஒருத்தர் வந்தா எப்படிப் படம் எடுப்பீங்க?"

"நிக்க வெச்சு."

"பாவம், வலியோட வந்தவங்க. படுக்க வெச்சு எடுக்கக் கூடாதா?"

"எடுக்கலாம். எலும்பு ஒடைஞ்சிருக்கான்னு பாக்க அது போதும். தேய்மானம் தெரியணும்னா நிக்கணும் டீச்சர். படுத்திருக்கிறப்ப மூட்டு நல்லா இருக்கிற மாதிரிதான் காட்டும். ஒடம்பு எடை எறங்குனாதான் உள்ள எவ்வளவு தேஞ்சிருக்குன்னு..."

தங்கபுஷ்பம் நிறுத்தினார். திரையைப் பார்த்தார்.

முட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிழவர், இரண்டு காலிலும் சமமாக நின்றார். மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் தாய்க்கு இடுப்பு ஒரு பக்கமும் சாயவில்லை. பருத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தும் பெஞ்சின் ரெக்சின் அமுங்கவில்லை.

"எல்லாரையும் படுக்க வெச்சு எடுத்துட்டேன்" என்றார் மெல்ல. "எடுத்துட்டு, நிமித்தி வெச்சிருக்கேன்."

ரிஸ்வானா எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

"பத்தொம்பது வருசமா நாள் பூரா பாக்கிறேன் டீச்சர். வலிக்கிறவங்க ஒருத்தராவது ரெண்டு காலையும் சமமா ஊன்றாங்களா? எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"அதான்க்கா நானும் உங்ககிட்ட கேட்டேன்."

தங்கபுஷ்பம் மவுஸைப் பிடித்தார். கிழவரின் எடையை வலது காலுக்கு மாற்றினார். இடது குதிகால் தானாக எழும்பவில்லை, எழுப்பினார். தோள் ஒன்று தாழ்ந்தது. கை தேடியது; பக்கத்தில் சுவரைக் கொடுத்தார். கிழவர் நின்றார்.

"ஆ!" என்றார் தங்கபுஷ்பம், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவர் மாதிரி.

பிறகு கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

"சரி. இதை ஒத்துக்கிறேன். அதுக்காக அந்த முதல் பாதியை விட்டுரச் சொல்றீங்களா? இவ்வளவு பேருக்கு முன்னால பட்டன் அழுத்துறவள்னு சொன்னதை?"

"விடச் சொல்லவே இல்லையே."

"அப்ப எழுதிக் குடுங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"நான் எழுதிக் குடுத்தா, உங்களுக்கு வேற யாரோ செஞ்சு குடுக்கிறாங்கன்னு அவங்க சொன்னது சரியாப் போயிரும்."

தங்கபுஷ்பம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தார். பத்தொன்பது வருட வேலையில் காய்ச்சலுக்குக்கூட விடுப்புக் கேட்காதவர் அவர். எட்டுப் பக்கங்களிலும் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் எங்கே வலிக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப நிறுத்தினார். பெஞ்சில் பருத்த மனிதர் உட்கார்ந்த இடம் பள்ளமானது. பிள்ளையைத் தூக்கியவளின் இடுப்பு வளைந்தது. பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் கணினி ஓடிப் படமாக்கியது. அந்த நேரத்தில் அடுத்த பக்கத்துக்கான குறிப்பை எழுதினார்.

சனிக்கிழமை மத்தியானம் படங்களைக் குழுவில் போட்டார். பதிலையும் அவரே எழுதினார். அனுப்புவதற்கு முன் ரிஸ்வானாவுக்குப் போன் செய்தார்.

"படிச்சுக் காட்டவா டீச்சர்?"

"வேண்டாம்க்கா. எல்லாரோடயும் சேர்ந்து படிச்சுக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அவர் அனுப்பினார்.

அந்தக் கதை தொகுப்பில் வந்ததா என்று கேட்கிறவர்களுக்கு: வந்தது. அதைவிட எனக்குப் பெரிது, அறுபத்தெட்டுப் பேர் பார்க்க தங்கபுஷ்பம் எழுதிய பதில்.

"ஐயா, ஆட்கள் தொங்கியது உண்மை. எட்டுப் பக்கமும் திருத்திப் போட்டிருக்கிறேன். அதற்காகக் கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள். நான் எங்கே வைத்தேனோ அங்கேதான் அது ஆளைக் காட்டியது. தொங்கவிட்டது நான். நிற்க வைத்ததும் நான்."