சிம்மாசனத்துக்கு அடியில்

முன்னொரு காலத்தில் என்றால் ரொம்ப முன்னால் இல்லை. மிளகு வாங்க வந்த வெள்ளைக்காரத் துரைகள் கோட்டைவாசலில் தங்கள் காவலைப் போட்டுவிட்ட காலம். கஜபூபதி என்றொரு ராஜா. அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கக்கூடியவன் அரண்மனை விகடன் சடையாண்டி ஒருவன்தான்.

துரைகளிடமிருந்து உடன்படிக்கைக் காகிதம் வந்தது. வரிக்கு வரி ‘அண்டர்’ என்று ஒரு குட்டிச் சொல். ராஜாவுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. “இதற்கு என்ன அர்த்தம்? எங்கிருந்து வந்தது? எப்படிப் பயன்படுத்துவது?” என்றார்.

வெள்ளைக்காரன் பேச்சைத் தமிழில் சொல்கிறவர் துபாஷி திருவேங்கடம். இரண்டு பக்கமும் சாப்பிடுகிற ஆசாமி. “நிழல் என்று பொருள், மகாராஜா! துரைகள் தங்களை நிழலில் வைத்துக் காப்பார்களாம்” என்றார்.

சடையாண்டி குறுக்கே பாய்ந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் அந்தச் சொல்லை உதையோடு சேர்த்துக் கேட்டவன் அவன். “பொய், மகாராஜா! முத்திரை வைத்துவிடாதீர்கள்!”

“எழுத்து வாசனை இல்லாத பயல்!” துபாஷி சீறினார். “மூன்று கேள்விக்கும் நாளை சபையில் பதில் சொல்லட்டும். தவறினால் நாக்கை அறுக்க உத்தரவாகட்டும்.”

“ஆகட்டும்” என்றார் ராஜா. வேடிக்கை என்றால் அவருக்கு உயிர்.

மறுநாள் சபை கூடுமுன்பே சடையாண்டி போய் நின்றான். “சொன்னால் புரியாது, மகாராஜா. கொஞ்ச நேரம் சிம்மாசனத்துக்கு அடியில் போய் இருக்க வேண்டும்.”

ராஜா பாதுகையைக் கழற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே தவழ்ந்து உள்ளே போனார். சடையாண்டி சிம்மாசனத்தின் அடியை மறைக்கும் பட்டுத் திரையை இழுத்துவிட்டு, பாதுகையை மாட்டிக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்தான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ராஜாவின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பாதுகை தெரிந்தால் கும்பிட வேண்டும். கட்டியக்காரன் “ராஜாதி ராஜ!” என்று முழங்கினான். மந்திரி விழுந்தார். தளபதி விழுந்தார். துபாஷி எல்லோரையும் முந்திக்கொண்டு விழுந்தார்.

“அடேய், நான் இங்கே இருக்கேன்டா!” என்று ராஜா கத்தினார். முழக்கத்தில் யார் காதிலும் விழவில்லை. எழப் பார்த்தார், தலை இடித்து, கிரீடம் வெளியே உருண்டது. சபை அரண்டுபோய் நிமிர்ந்தது.

சடையாண்டி இறங்கித் திரையை விலக்கினான். “நிழல் இருந்ததா, மகாராஜா?”

“இருந்தது.”

“நிமிர முடிந்ததா?”

“முடியலையே!”

“அதுதான் அர்த்தம். வந்தது கப்பலில், துப்பாக்கியோடு. எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று இப்போது பார்த்துவிட்டீர்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன், முத்திரை வைக்காதீர்கள்.”

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பேஷ்! நேத்து சாயங்காலமே வச்சாச்சேடா. வாசல்ல துப்பாக்கி நிக்கிறப்போ நான் என்ன செய்ய? ஆனாலும் ஜெயிச்சவன் நீ. மருதேரிக் கிராமம் உனக்கு!”

அங்கேயே தான ஓலை எழுதினார்கள். ராஜா முத்திரையை எடுத்தார். துபாஷி பணிவாகக் கை நீட்டி ஓலையை வாங்கிக்கொண்டார்.

“துரை பார்த்துச் சரி சொல்ல வேண்டும், மகாராஜா. உடன்படிக்கையில் அப்படித்தான் இருக்கிறது.”

ராஜா அதற்கும் சிரித்தார். அவர் சிரித்ததால் சபையும் சிரித்தது. தப்பித்த நாக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு சடையாண்டி வீட்டுக்கு நடந்தான்.